ஏழு சாவு, ஒரு ரசீது

அந்தேரி, மூன்றாம் மாடி, ஜன்னலில்லாத அறை.
சுத்தியல்காரனுக்கும் உப்பளத்துப் பேய்க்கும்
ஒரே குரல், தவசிமுத்துவுடையது.
இரண்டு ஆளுக்குக் கொடுக்கக் காசில்லையாம்.
இடப்பக்கம் பார்த்து உறுமுவான்,
வலப்பக்கம் திரும்பித் தனக்கே பதில் உறுமுவான்,
நடுவில் ஒரு வடாபாவ்.

இரண்டும் சாகாது.
இரண்டு கம்பெனியும் கையெழுத்துப் போட்ட விஷயம்:
தலையே போனாலும்
விரல் ஒன்று அசைந்தாக வேண்டும்.
சாவதெல்லாம் இடையில் அகப்பட்ட பெண்கள்.
ஆறு பேரும் நான்தான்.
ஏழாவது ஒரு பையன், குரல் உடையாத வயசு,
அதையும் என் கணக்கில் எழுதினார்கள்.

"இன்னும் கொஞ்சம் நிஜமா, மேடம்."
ஐந்தாம் டேக்கில்
தொண்டைக்குள் இரும்பு ருசித்தது.

மாஹிமில் இறங்கும்போது பன்னிரண்டரை.
தாராவிக்குத் திரும்பும் சந்தில் விளக்கில்லை.
பின்னால் செருப்புச் சத்தம்.
நான் நின்றால் அதுவும் நின்றது.
வாயைத் திறந்தேன்,
காற்றுதான் வந்தது.
இன்றைய அலறல் மொத்தமும்
ரசீது போட்டு விற்றாகிவிட்டது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கம்மிய குரல்:
"அக்கா, கொஞ்சம் கூட வர்றீங்களா?
அங்க நாய் நிக்குது."

தவசிமுத்து மாதிரி உறுமிப் பார்த்தேன்.
வரவில்லை.
குனிந்து
கல் எடுத்தேன்.