ஏழு

நான் எண்களை எழுதுகிறவள்.
மருத்துவர் மிர்த்தா சொல்லச் சொல்ல
ஒரு பல்லுக்கு ஆறு எண்:
வெளிப்புறம் மூன்று, உட்புறம் மூன்று.
ரொசாரியோவில் மே மாதக் குளிர்.
ஜன்னலுக்கு அப்பால் பரானா ஆறு
சோயா ஏற்றிய கப்பல்களைச் சுமந்துகொண்டு
யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் போகிறது.

நாற்காலியில் ஒரெஸ்தே பியாங்கெட்டி.
முப்பத்தோரு வருஷம் அந்த ஆற்றை அளந்தவர்.
எங்கே மணல் மேடு தட்டியிருக்கிறது,
எங்கே தூர் வார வேண்டும் என்று
அளவைப் படகிலிருந்து குரல் கொடுத்தவர்.
கீழ்வரிசையில் முன்பல் ஒன்று ஆடுகிறதாம்.
"இறைச்சியைக் கடித்தால்
அது மட்டும் வேறு திசையில் யோசிக்கிறது."
வலி? இல்லை, வலியே இல்லை.
நற்சான்றிதழ் நீட்டுவதுபோல்
அதைத்தான் மூன்று முறை சொன்னார்.

மூன்று, இரண்டு, மூன்று.
மூன்று, மூன்று, நான்கு.
மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறங்கும்,
தரை தொடும், ஏறும்.
ஐந்து, நான்கு, ஆறு.
ஏழு.

ஏழு என்றதும் கண்ணைத் திறந்தார்.
அவர் தொழிலில் பெரிய எண் நல்ல செய்தி.
"இங்கே தலைகீழ், ஒரெஸ்தே" என்றார் மிர்த்தா.
"மூன்றுவரை கவலையில்லை.
அதற்குக் கீழே பிரஷ் எட்டாது.
எட்டாத இடத்தில் வண்டல் தங்கும்,
வண்டல் கல்லாகும்,
கல்மேல் கிருமிகள் குடியேறும்.
அதுகளோடு சண்டை போடுகிறேன் என்று
உங்கள் உடம்பே
எலும்பை விட்டுவிட்டுப் பின்வாங்கும்.
சத்தமில்லாமல். வலியில்லாமல்."

"ரத்தம்?"
"முன்பு வந்தது. தேய்த்தால்தானே வருகிறது என்று
அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டேன்.
பிறகு தானாக நின்றது."
"சிகரெட்?"
"ஒரு பாக்கெட்."
"அதனால்தான் நின்றது.
புகை ரத்தக் குழாயை இறுக்கும்.
மிதவை விளக்கை ஊதி அணைத்துவிட்டு
ஆறு பத்திரமாக இருக்கிறது என்று
நம்பியிருக்கிறீர்கள்."

இந்த வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடம்.
மரத்துப்போன உதட்டோரம் எச்சில் வழிய
வேருக்குள் கருவி கொசுவாய்ப் பாடியது.
கருஞ்செதில்கள் வந்து விழுந்தன.
ஒன்றை உள்ளங்கையில் கேட்டு வாங்கினார்.
பெருவிரலால் தேய்த்துப் பார்த்து,
வாய் கோணியபடி,
"களிமண் இல்லை. சுண்ணாம்பு" என்றார்.

பல்லிடுக்குக்கான குட்டி பிரஷைக் கொடுத்தபோது
சிரித்தே விட்டார்.
மாத்தே உறிஞ்சும் வெள்ளிக் குழலுக்கு
இதே போல் ஒன்று வீட்டில் இருக்கிறதாம்.
தினமும் குழலை அதால் கழுவுகிறாராம்,
ஒரு நாள் தவறாமல்.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆகஸ்ட்டில் திரும்பி வந்தார்,
சட்டைப் பையில் அளவைப் படகின் பழைய நோட்டுப் புத்தகம்.
ஒவ்வொரு நாளும் எத்தனை சிகரெட்:
பதினொன்று. ஒன்பது. ஒன்பது.
பத்தொன்பது (தம்பியின் அடக்கம்).
ஆறு. நான்கு. நான்கு.
நான் மீண்டும் எழுதினேன்.
ஆறு இருந்த இடத்தில் நான்கு.
ஏழு, ஐந்தாகியிருந்தது.
பின்கடைவாயில் ஓர் ஆறு அசையவில்லை.
போன எலும்பு போனதுதான்.
ஆடும் பல்லை அக்கம்பக்கத்துப் பற்களோடு
கம்பியால் கட்டிவைத்தோம்,
கரையில் படகைக் கட்டுவதுபோல்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும்.
"தூர் வாரியதோடு ஆறு முடிந்துவிடுமா?"
என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கோட்டை மாட்டும்போது திரும்பினார்:
"யானினா, உன்னுடையது எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை.
ஆறு வருஷமாய் ஊர் வாயெல்லாம் எழுதியிருக்கிறேன்.
அன்றிரவு வெள்ளைத் தொட்டியில் துப்பியபோது
ரோஜா நிறத்தில் ஓர் இழை.
குழாயைத் திறந்து, பார்க்காததுபோல்
அனுப்பிவைத்துப் பழகிய இழை.

திங்கட்கிழமை, கதவு திறக்குமுன்
அந்த நாற்காலியில் நான் படுத்தேன்.
எழுத ஆளில்லை.
கம்பி இறங்கியது.
"நான்கு" என்றார் மிர்த்தா.
வாயைத் திறந்தபடியே
மனதில் குறித்துக்கொண்டேன்.