உச்சம் கழித்தல் தாழ்வு

செகெத் நகரில், டிசா நதிப் படிக்கட்டில்
கறுப்பும் வெள்ளையுமாய் ஓர் அளவுப்பலகை.
கோடையில் அது கழித்தல் எண் காட்டும்.
நதி வற்றிவிட்டதென்று அர்த்தமில்லை.
பூஜ்யத்தை அங்கே எழுதியவர்
அதற்கும் கீழே நீர் இறங்குமென்று நினைக்கவில்லை,
அவ்வளவுதான்.

நான்கு வருடங்களாக என் வேலை இது:
ஒரு தொடர்ச்சியான சார்பை எடு,
உச்சத்திலிருந்து தாழ்வைக் கழி,
மீதியை மட்டும் நம்பு.
அரைநெறிமம் என்று பெயர்.
அரை என்பது சரியான சொல்தான்.
ஏற்ற இறக்கம் அதற்குத் தெரியும்.
எந்த உயரத்தில் நின்று ஏறி இறங்கினாய் என்பது தெரியாது.
காற்றில்லாத நாளில்
மலைமேல் ஏரியும் கீழே குட்டையும் அதற்கு ஒன்று,
இரண்டும் பூஜ்யம்.

இந்த மீதியைக் கெடுக்காமல்
சார்பைச் சார்பாக மாற்றித் திரும்பவும் வரக்கூடிய
நேரியல் மாற்றங்கள் எவை?

என் விடை பதினான்கு பக்கம்.
புள்ளிகளை இடம் மாற்றலாம், கிழிக்காமல், ஒட்டாமல்.
வேண்டுமானால் எல்லாவற்றையும் தலைகீழாக்கலாம்,
மலை பள்ளம், பள்ளம் மலை, தூரம் அதே தூரம்.
வேறெதுவும் இல்லை
என்று எழுதி, அடியில் கறுப்புச் சதுரம் போட்டேன்.

வெண்டெல் பதினோராம் பக்க ஓரத்தில்
பென்சிலால் ஒரே சொல் எழுதியிருந்தான்:
மாறிலி?
பக்கத்தில் காப்பிக் கறை.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் டிராமில்,
என் மூச்சு படிந்த கண்ணாடியில்
விரலால் போட்டுப் பார்த்தேன்.
சார்புக்கு ஓர் எண் என்று தேர்ந்து
அதன்மேல் முழுக்கச் சமமாய் ஊற்றினால்?
உச்சமும் உயர்கிறது. தாழ்வும் உயர்கிறது.
மீதி கண்கூடச் சிமிட்டவில்லை.

அந்தத் தேர்வு நேரியலாக இருந்தால் போதும்,
தொடர்ச்சிகூட வேண்டாம்,
எவ்வளவு காட்டுத்தனமாகவும் தாவட்டும்.
ஒரே நிபந்தனை:
மாறிலிகளை அது விழுங்கிவிடக் கூடாது.
விழுங்கினால் திரும்ப வழியில்லை.

இத்தனை பெரிய காட்டை
என் அளவுக்குத் தெரியாது என்பதால்
இல்லை என்று எழுதியிருக்கிறேன்.
கறுப்புச் சதுரம் வேறு.

இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி
நனைந்த காலணியோடு போனேன்.
வெண்டெல் நிமிரவில்லை.
"கடைசி வரியில் இடம் இருக்கிறது, பொக்லார்கா,
ஒரு கூட்டல் குறிக்கு."
அப்புறம், நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தான்.

மார்ச்சில் பனி உருகி
நதி படிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டது.
பலகை நானூற்று முப்பது காட்டியது.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
எதிலிருந்தும் கழிக்காமல்
அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.