ஒன்றுவிட்டு ஒன்று

ஆயர் ராஜாவில் நான்காம் மாடி, மேற்குச் சன்னல்.
அலமாரியில் நாற்பத்தொரு கைப்பேசிகள்,
எல்லாம் சிம் லிம் சதுக்கத்தில் பேரம் பேசி வாங்கியவை.
ஒன்றின் முதுகில் யாரோ ஒட்டிய ஸ்ட்ராபெரி.
ஒன்றில் பழைய சொந்தக்காரர் அணைக்க மறந்த அலாரம்
விடிகாலை நாலு ஐம்பதுக்கு
யாரையோ இன்னும் எழுப்புகிறது.

இவற்றுக்குள் ஒரு மொழியை ஓடவைப்பது என் வேலை.
எழுதியவர் எழுதியது எந்திரத்துக்குப் புரியாது.
நடுவில் நிற்கும் ரன்டைம்
ஓட ஓடப் பெயர்த்து நினைவகத்தில் எழுதி
சில்லு மனப்பாடம் செய்திருந்த பழைய வரிகளைத் துடைத்து
இனி இதைப் படி என்கிறது.

காலையில் சோதனைகள் பச்சையாக இறங்கும்:

எண்கள் கூடுகின்றன
சொற்கள் பிரிந்து சேர்கின்றன
யாரும் தொடாத பொருள்கள் குப்பைக்குப் போகின்றன
காத்திருந்த இழைகள் விழிக்கின்றன
அழைத்த இடத்துக்கே எல்லாம் திரும்பி வருகின்றன
கணக்கு மூடப்படுகிறது
பிழை ஏதும் இல்லை

மதியம் மூன்றானால் இருபத்து மூன்றாம் எண் செத்துவிடும்.
செல்லாத கட்டளை என்று ஒரு வரி,
அப்புறம் கறுப்புத் திரை, அதில் என் முகம்.
விழுந்த இடத்தில் தோண்டிப் பார்த்தால்
சரியான கட்டளைதான் கிடக்கும்.
பதினோரு நாள் இப்படி.

கைப்பேசி கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு என்றான் வெய் ஜியே.
போட்டிருப்பேன்.
அன்றைக்குத்தான் துவாஸிலிருந்து ஓர் அறிக்கை வந்தது.
அதே மாடல். வாயிலில் வருகை பதியும் செயலி.
பேர் இல்லை, ஊர் இல்லை,
வெப்பம் மட்டும்: நாற்பத்து நான்கு டிகிரி.
ஆறு நிமிடத்தில் பதினேழு முறை
அந்த மனிதர் அதைத் திறந்திருக்கிறார்.

ஹஃபீஸா ஒன்றும் பேசாமல் இருபத்து மூன்றை எடுத்துப்போய்
பேன்ட்ரி குளிர்பெட்டியில்
பாண்டான் கேக்குக்கும் யாருடையதோ சோயா பாலுக்கும் இடையில் வைத்தாள்.
இரண்டு மணி நேரம் பச்சை.
நான் அதை புவன விஸ்தா மேம்பாலத்துக்குக் கொண்டுபோய்
கூரையில்லாத படியில், வெயிலில் பிடித்து நின்றேன்.
நாலே நிமிடம்.

சூடேறினால் பெரிய கோர் ஒதுங்கிக்கொள்ளும்,
சின்ன கோர் மிச்சத்தை இழுக்கும்.
ஒரே சில்லில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி.
அண்ணனுக்கு ஒரு வரி நூற்று இருபத்தெட்டு பைட்,
தம்பிக்கு அறுபத்து நான்கு.
நாங்கள் அளவு கேட்டது ஒரே தடவை,
தொடங்கும்போது, அண்ணனிடம்.
அந்தக் கால்வீச்சிலேயே
தம்பியின் வீட்டையும் துடைத்துக்கொண்டு போனோம்,
ஒன்றைத் துடைத்து ஒன்றைத் தாண்டி
ஒன்றைத் துடைத்து ஒன்றைத்

தம்பி படித்தது இதை:

எண்கள் கூடுகின்றன
வாயிலில் வரிசை நீள்கிறது
யாரும் தொடாத பொருள்கள் குப்பைக்குப் போகின்றன
பதினேழாம் முறை அழுத்துகிறது ஒரு கட்டைவிரல்
அழைத்த இடத்துக்கே எல்லாம் திரும்பி வருகின்றன
அரை நாள் போகிறது
பிழை ஏதும் இல்லை

திருத்தம் மூன்றே வரி.
எந்த கோர் என்ன சொன்னாலும்
இதுவரை கேட்டதில் சின்ன அளவையே வைத்துக்கொள்.
எப்போது நிகழும் என்ற கட்டத்தில்
'அரிதான சூழல்' என்று எழுதியிருந்தேன்.
ஹஃபீஸா அதை அழித்துவிட்டு
'மதியம்' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை, மேற்குச் சன்னலுக்குத் திரை மாட்ட
ஏணியோடு ஓர் ஆள் வந்தார்.
இருபத்து மூன்றை வெயில் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு
வேண்டாம் என்றேன்.