கெட்ட தாள்

நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக விழும்வரை
எந்திரம் தின்னும் தாள்கள் உண்டு.
நான் அவற்றையே திரும்பத் திரும்ப ஓட்டுவேன்.
பல் டாக்டர் விளம்பரத்தின் மேல்
பேருந்துத் தடங்கள்,
அதன் மேல் பாதி விலைச் செருப்பு.
பிறகு லாரிக்கு.

வினெதா வந்தாள், காலணியில் பனியோடு.
"அதை எனக்குக் கொடு, ரைட்டிஸ்."
"குப்பையை விற்பதில்லை."
"விற்காதே. கொடு."

உறைந்த தௌகவாவைத் துளைத்து
நீந்துகிறவர்களின் விழாவுக்குச் சுவரொட்டி.
பின்னணி முழுக்கக் கறுப்பு கேட்டார்களாம்.
அதற்கு எத்தனை கிலோ மை என்று
என்னிடம் எழுதி வாங்கிப் போய்
அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் ஒரே நிறம், நீலம்.
ஒரு முதுகு, ஒரு தேதி,
என் குப்பையின் மேல்.

உலர்த்தப் பரப்பினோம்.
ஒன்றில் பல்வரிசை அலையாகியிருந்தது.
ஒன்றில் மூன்றாம் எண் பேருந்து
அவன் தண்டுவடத்தில் ஏறிக்கொண்டிருந்தது.
செருப்பு? மீன் என்றே நினைத்தேன்.
இருபது வருடமாக இதையா
கயிறு போட்டுக் கட்டினேன்.

ட்ராம் நிறுத்தங்களில் ஒட்டிய மறுநாள்
பசை மட்டும் மிச்சம்.
யார் யார் வீட்டிலோ.

மார்ச்சில் கிர்ட்ஸ் கூப்பிட்டார், விழாக்காரர்.
இன்னும் ஐந்நூறு, அச்சு அசலாக இதே மாதிரி.

இதே மாதிரி வேண்டுமென்றால்
நல்ல தாளை எடுத்துக் கெடுக்க வேண்டும்.
சொல்ல வாயெடுத்தேன்.
"முடியாது" என்று
அவளே வைத்துவிட்டாள்.

வாடகை பாக்கி அவளுக்கு, எனக்குத் தெரியும்.

வெட்டுக்கத்தியின் அடியில் குனிந்து
விரலகல விளிம்புகளை அள்ளி
ஜன்னல் பக்கம் போனாள்.