தலைக்கனம்

மனிதத் தலை ஐந்து கிலோ.
ஹெல்மெட், விளக்கு, தூசி சேர்த்தால் ஆறு.
எஸ்கெல்லில் கிளம்பும்போது
இதை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், ரியோ மாயோ தாண்டி,
கழுத்து வேலைநிறுத்தம் செய்தது.
முன்னறிவிப்பு கொடுத்துத்தான்.
தோள்களுக்கு நடுவே இரண்டு நாளாக
ஒரு தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தது,
நான்தான் மேற்குக் காற்றின் மேல் பழி போட்டேன்.
பிறகு தலை விழுந்தது.
கையால் தூக்கினால் நிற்கும்,
கை இருக்கும்வரை.
கைப்பிடிக்கும் கை வேண்டும், தலைக்கும் கை வேண்டும்.
சரளையில் இது நடக்காது.

வானம் பார்க்கத்தான் படகோனியாவுக்கு வருகிறார்கள்.
நான் முன்சக்கரம் பார்த்தேன்,
அதற்கு முன்னால் நான்கு முழம் பாதை:
சாம்பல் கல், துருநிறக் கல், ஆட்டுப் புழுக்கை,
பியர் மூடி, ஒற்றைக் குதிரை லாடம்,
மறுபடி சாம்பல் கல்.
யாரோ கடந்து போனார்கள்.
"உயிரோடு இருக்கிறாயா, சுலேமா?"
எய்னாரின் குரல்.
கண்ணுக்குக் கிடைத்தது காலுறைகள் மட்டும்,
ஒன்று மஞ்சள், ஒன்று இல்லை.

பின்னலை இழுத்து முதுகுப்பையின் வாரில் கட்டிப் பார்த்தேன்.
இருபது கிலோமீட்டர் தாங்கியது மயிர்.
கண்ணீர் வந்தது,
காற்று அதைக் காதுக்குள் கொண்டுபோய் வைத்தது.

ஊரில் எனக்குக் கால்நடை மருத்துவமனையில் வேலை.
தலை தொங்கிய குதிரையைக் கொண்டுவந்தால்
என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.
அதனால் என்னிடம் நான் கேட்கவில்லை.

பாஹோ கராகோலெஸுக்கு முன்னால்
சாலையோரம் லாரி டயர் ஒன்று நட்டிருந்தது.
அதன் கீழ்ப்பாதி தெரிந்தது. பஞ்சர் கடை.
எண்ணெய் குடித்த பூட்ஸ் இரண்டு வந்து நின்றன.
வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பவர்போல்
மண்டியிட்டு, அண்ணாந்து,
கீழிருந்து என் முகத்தைப் பார்த்தார்
எவுசேபியோ நியாங்கோ.
"சக்கரத்தில் கோளாறில்லை" என்றார்.

மோட்டார் சைக்கிள் டியூப் ஒன்றை நீளவாக்கில் கிழித்தார்.
ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு முடிச்சு,
இடுப்பு பெல்ட்டில் ஒரு முடிச்சு.
"கொட்டகைக் கதவுக்கும் இதேதான் கட்டினேன்,
போன ஆகஸ்டிலிருந்து விழவில்லை."

எவ்வளவு என்றேன்.
ஒன்றுமில்லை என்றார்.
அங்கேதான் சண்டை.
பந்தயத்தின் விதி அப்படி:
எல்லோருக்கும் விற்பதை நான் வாங்கலாம்,
எனக்கென்று ஒருவர் மனமிரங்கக் கூடாது.
"இரக்கமா? ரப்பர், பெண்ணே, ரப்பர்."
பணத்தை நீட்டினேன், பூட்ஸ் ஓரடி பின்வாங்கியது.
அவர் கோபப்பட்டது எனக்குப் புரிந்தது.
நானும் நியாயமாகத்தான் பேசினேன்,
இருவருக்கும் அது அவமானமாக இருந்தது.
உள்ளே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த ஓதிலியா
கத்தினாள்: "பலகையில் போட்ட விலையை வாங்கு,
அவளைப் போக விடு, காற்று ஏறுகிறது!"

ரசீதும் எழுதித் தந்தார்,
முறைப்படி, முத்திரை குத்தி:
பஞ்சர், தலை ஒன்று.

வெளியே வந்து ஏறி உட்கார்ந்தேன்.
ரப்பர் இழுத்தது. தலை எழுந்தது.
இரண்டு நாளுக்குப் பிறகு தொடுவானம்.
வேலிக் கம்பியில் மாட்டிக் காய்ந்த குவானாகோ,
அதற்கப்பால் நூல் பிடித்த மாதிரி ஒரே சாலை,
வளைவில்லை, மரமில்லை,
முடிவு என்று ஒன்று கண்ணுக்கு எட்டவில்லை.
பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு.
வலி போகவில்லை,
உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டது.
சாலைப் பணியாளர் ஒருவர்
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:
"இப்படியேவா போகப்போகிறாய்?"
இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அலையலையாய் மடிந்த சரளை குலுக்க,
டியூப் இழுக்க,
மேலும் கீழும் மேலும் கீழும்
தலை அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனது.