கைகாட்டி, ஒன்று

கல்வெர்ட்டுக்குத் தோண்டிய பள்ளத்தில்
முதலில் செத்துப்போன டெலிபோன் கேபிள் வந்தது,
அப்புறம் யாரோ புதைத்த கமோடு,
அப்புறம் இது.
ஜேசிபியின் பல் பட்டு எழுந்த ணங்கில்
காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் நூக்கல் பேரம் பேசியவர்கள்கூடத்
திரும்பினார்கள்.

எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நான் நிறுத்ததல்ல.
நான் போவதற்குள் ஜக்கரியா பாய் கடைத் தராசில்
ஏற்றிவிட்டிருந்தார்கள்.
"வார்ப்பிரும்பு மேடம். உள்ளே மண் இருக்கும்,
ரெண்டு கிலோ கழிச்சுக்கலாம்."
மண்ணைக் கழிக்காமல்
அப்படியே திருப்பி வாங்கிவந்தேன்.

வார்டு ஆபீசில் இதற்கொரு படிவம் கிடையாது.
அநாதைப் பிணத்துக்கு உண்டு,
சாய்ந்த மரத்துக்கு மூன்று பிரதி.
'இதர' என்ற கட்டத்தில்
கைகாட்டி, ஒன்று என்று எழுதினேன்.
சூப்பிரண்டு சிரித்தார்:
இங்கே எல்லாருமே கைகாட்டிதானம்மா,
ஃபைலைக் கேட்டால் பக்கத்து மேசையைக் காட்டுகிறோமே.

சவரியப்பன் சுரண்டினார்.
வெள்ளிப் பூச்சு. அதனடியில் பச்சை.
பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே
ஏதோ தேர்தலின் பசை, ஒரு வேட்பாளரின் மூக்கு.
கடைசியில் செந்தூரம்,
அதற்கும் கீழே இரும்பு
தன் சொந்த நிறத்தில், சில்லென்று.

ஒரு கை முழுசு: ஏரி, ஐந்து பர்லாங்.
இன்னொன்று முழங்கையோடு ஒடிந்தது,
மிச்சம் 'பேட்டை' மட்டும்.
எந்தப் பேட்டை?
ஆபீஸ் முழுக்க ஆளுக்கொரு பேட்டை சொன்னார்கள்,
அவரவர் மாமியார் வீடு இருக்கும் பக்கமாக.
பாரம்பரியக் குழுவிலிருந்து வந்த வாரிஜா ராவ்
எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார்:
இருப்பதைக் காப்போம்.
இல்லாததை வார்க்க வேண்டாம்.

விரிசல் கண்ட கழுத்தை மட்டும் ஒட்டவைத்தோம்.
நிக்கல் ராடு, மெல்ல ஏற்றிய சூடு.
"அவசரமா ஆறவெச்சா திரும்ப விடும்" என்று
சாம்பலில் புதைத்துவிட்டு
விடியும்வரை கூடவே இருந்தார் சவரியப்பன்,
பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர்போல
பீடி மேல் பீடியாக.

நட்ட அன்று எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.
பழைய சர்வே மேப்பைப் பிரித்து
ஏரி இருந்த இடத்துக்கே திருப்பினேன்.
அங்கே இப்போது பஸ் டிப்போ.
ஒரு மாதத்தில் புகார் வந்தது, எழுத்துமூலம்:
இல்லாத ஏரிக்கு வழி காட்டிப்
பொதுமக்களைக் குழப்பும் இரும்பை அகற்றவும்.
கையெழுத்திட்டவர் முகவரி:
லேக் வியூ அபார்ட்மெண்ட்ஸ், மூன்றாவது மாடி.

ஆகஸ்ட் பதினேழு, ராத்திரி.
என் கல்வெர்ட்டின் சரிவு வடக்கே.
நானே லெவல் பார்த்தது, கையெழுத்தும் என்னுடையது.
மழைத் தண்ணீர் அதன் வாயருகே வந்தது,
கொஞ்சம் சுழன்றது,
என் சரிவை மதிக்காமல்
இரும்புக் கை நீட்டிய பக்கமே போனது,
ஒற்றைச் செருப்பு, தெர்மோகோல்,
அரை வாழைத்தார் சகிதம்.
விடிகையில் டிப்போவில் பஸ்கள்
சீட் மட்டத் தண்ணீரில் நின்றன.

ஐந்து பர்லாங்.
வடிந்த பிறகு பைக்கில் போய் அளந்தேன்.
ஒரு கிலோமீட்டர்,
ஆறு மீட்டர் கூட இருக்கலாம்.

புகாருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
ஃபைல் என் மேசையில்தான்.
யார் கேட்டாலும்
பக்கத்து மேசையைக் காட்டுவதில்லை.