பூஜ்யத்துக்கு என்ன நிறம்

தார்த்துவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஆற்றைப் பார்த்த இரண்டாம் மாடியில்
ஒரு சதுரத்துக்கு நிறம் தேடுகிறாள் லேலோ.

நாளுக்கு ஒரு சதுரம்.
கமிட் நிறைய வந்தால் கரும்பச்சை,
குறைந்தால் தளிர்ப்பச்சை.
ஒன்றுமே வராத நாளுக்கு?
சாம்பல் வைத்தாள், செத்ததுபோல் இருந்தது.
வெள்ளை வைத்தாள்,
அப்படி ஒரு நாளே விடியாததுபோல் இருந்தது.

பணம் கொடுக்கும் அறக்கட்டளை கேட்டது இவ்வளவுதான்:
திட்டம் உயிரோடு இருக்கிறதா,
ஒரே எண்ணில் சொல்லவும்.

சின்னத் திட்டம்.
பழைய எழுத்துருக் கோப்புகளைத் திறந்து படிக்கும் நிரல்.
யார் யாருடைய மென்பொருளின் வயிற்றிலோ
பதினாலு வருடமாகச் சத்தமில்லாமல் ஓடுகிறது.

டாஷ்போர்டில் ஒரு பட்டை மட்டும்
கோட்டுக்குக் கீழே தொங்கியது.
வாஹுர், ஹாப்சாலு.
சேர்த்த வரிகள் நூற்றுப் பன்னிரண்டு.
அழித்தவை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
அவள் எழுதிய சூத்திரப்படி
மனிதர் சுத்த நஷ்டம்.

பிழையாக இருக்கும் என்று
ஒவ்வொரு அழிப்பையும் திறந்தாள்.
“இதை யாரும் கூப்பிடுவதில்லை.”
“இதுவும் மேலே இருப்பதும் ஒன்று.”
“நான் எழுதியது. என்ன நினைத்து எழுதினேனோ.”
அங்கே சிரித்துவிட்டாள், தனியாக, சத்தமாக.

களை பிடுங்கியவருக்கு
களையை நிறுத்தா கூலி கொடுப்பார்கள்?

இன்னொரு வரைபடம், மணிவாரியாக.
பின்னிரவு மூன்றில் தடித்த புள்ளி.
“ஆர்வத்தின் உச்சம்” என்று பெயர்கூட வைத்திருந்தாள்.
எதற்கும் அவரிடமே கேட்டாள்.
பதில் வந்தது, பின்னிரவு மூன்றுக்கு:

படகுத்துறையில் இரவுக் காவல்.
கடைசிப் படகு போனால் முதல் படகு வரும்வரை
நானும் ஹீட்டரும்.

சரி, ஜனவரியில் மூன்று நாள் காலியாக இருக்கிறதே?

காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.
கரையில் ஆழம் இல்லை, படகு இல்லை, வேலை இல்லை.
தூங்கினேன்.

லேலோ அந்த மூன்று சதுரங்களை
நெடுநேரம் பார்த்தாள்.
பின்பு தரவரிசைப் பட்டியலை எடுத்தாள்,
பதக்கங்களை எடுத்தாள்,
“ஆர்வத்தின் உச்சம்” போயிற்று.
முந்நூற்று நாற்பது வரி அழிப்பு, ஒரே கமிட்டில்.

பக்கத்தைப் புதுப்பித்தபோது
கோட்டுக்குக் கீழே
வாஹுருக்குப் பக்கத்தில் ஒரு குட்டைப் பட்டை,
அவள் பெயரில்.

அறக்கட்டளை நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது.
எண் இன்னும் போகவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரியவில்லை,
ஆனால் பாலத்து விளக்குகள் ஆடுவதை வைத்து
ஓடுகிறது என்று சொல்லலாம்.